பாதி வேகம்

என் தம்பி வளன் குடிக்கிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை எங்கள் ஊர்க்காரர்கள் வாயால் நீங்கள் கேட்டிருந்தால், அவர்கள் ஒரு குவார்ட்டர் பாட்டிலில்தான் ஆரம்பித்திருப்பார்கள். நான் மிஷினில் ஆரம்பிக்கிறேன். நடந்தது மிஷினில்தான்.

தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற மிஷின் அது. நீளமாக ஒரு குழாய். மேல் முனையில் பெட்ரோல் இன்ஜின், கீழ் முனையில் வட்டமான பிளேடு. கண்டமங்கலத்தைச் சுற்றி எங்கே புல் மண்டினாலும், காலேஜ் மைதானமோ, பிளாட் போட்ட மனையோ, முந்திரித் தோப்போ, வளனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வெட்டிக்கொண்டே முன்னால் போவான். நான் பின்னால் வாரி ஒதுக்கிக்கொண்டே போவேன். என் பெயர் இருதயசெல்வி. புருஷன் விட்டுப் போனவள். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. பெட்ரோலில் ஆயில் கலப்பதும் என் வேலைதான். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியதில் எனக்கு அந்த இன்ஜினைப் பார்க்கவே வேண்டாம், காதால் கேட்டே அது என்ன பாடு படுகிறது என்று சொல்லிவிடுவேன்.

அந்த மிஷினைப் பற்றி எல்லோரும் ஒரே தப்பைத்தான் நினைப்பார்கள். சத்தம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பார்கள். பஸ்ஸுக்கு அது சரி. புல் வெட்டுகிற மிஷினுக்கு அது சரியில்லை. முழு வேகத்தில் சுற்றுகிற பிளேடு புல்லை அறுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பாதி வேகத்தில் சுற்றுகிற பிளேடு அறுக்காது, இழுக்கும். இழுத்த புல் அடியில் சுருட்டிக்கொள்ளும். ஈரப்புல்லாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கயிறு திரித்த மாதிரி இறுகிவிடும். மெதுவாக வெட்ட வேண்டும் என்றால் ஆள்தான் மெதுவாக நடக்க வேண்டும், இன்ஜின் மெதுவாக ஓடக் கூடாது. வெட்டும்போது முழு வேகம், வெட்டாதபோது பிடியில் இருக்கிற விசையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், நடுவில் எதுவும் கிடையாது. வளன் இதை வேலைக்குக் கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லுவான். பாதிப் பேர் தலையாட்டுவார்கள், மீதிப் பேர் பெட்ரோல் மிச்சமாகட்டும், குறைத்து ஓட்டு என்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் மேலே விளங்கும். இன்ஜின் ஓரத்தில் குட்டியாக ஒரு ஸ்குரூ இருக்கிறது. கையை எடுத்த பிறகு இன்ஜின் எவ்வளவு மெதுவாக ஓடலாம் என்பது அதன் கையில். அது சரியான இடத்தில் இருந்தால் இன்ஜின் முனகிக்கொண்டு கிடக்கும், பிளேடு அசையாமல் நிற்கும். அதை முடுக்கி ஏற்றிவிட்டால் இன்ஜின் அணையாது, ஆனால் கையை எடுத்தாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும். வளன் அந்த ஸ்குரூவை யாரையும் தொட விட மாட்டான்.

போன அக்டோபரில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் திண்டிவனம், பெயர் வெனிலா. அவள் அப்பா ஆரோக்கியராஜ் அங்கே பழக்கடை வைத்திருக்கிறார். அவருடைய அத்தையைக் கட்டிக்கொடுத்தது எங்கள் ஊரில். அந்த அம்மாளின் கல்லறையும் எங்கள் ஊரில்தான். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருவார். அப்படி வந்த இடத்தில்தான் வளனைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பையன் குடிப்பானா? மூத்த மகள் ஜெர்லினை ஒரு குடிகாரனுக்குக் கொடுத்து, அவன் குடல் வெந்து செத்து, முப்பது வயதுகூட ஆகாமல் அவள் வீட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். பையனுக்கு வீடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நகை போடாவிட்டாலும் பரவாயில்லை, குடிக்கிறவனுக்கு மட்டும் பெண் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான். வளன் தலையை நிமிர்த்தி, குடித்ததில்லை மாமா என்றான். அது சத்தியமான பேச்சு.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கல்யாணம் நடத்த மாட்டார்கள், அது தொடங்குவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

இப்போது சூசைமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் உபதேசியார். ஃபாதர் வேறு ஊரில் இருக்கிறார், ஞாயிறும் திருநாளும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் சாவி, மைக்கு, ஜெபம், ஞானஸ்நானச் சீட்டு, ஓலை எல்லாமே உபதேசியார்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். விடிய விடிய ஜெபம் சொல்லுவார். ஆனால் அவர் ஜெபம் சொல்லும்போது ஒரு குழந்தை அழக் கூடாது, ஒரு ஆடு கத்தக் கூடாது.

அக்டோபர் எங்களுக்கு ஜெபமாலை மாதம். மாதக் கடைசியில் கல்லறைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவது வழக்கம். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல்லை வெட்டி, கல்லறைகளுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது, புல் இடுப்புக்கு ஏறிவிட்டது. ஒருநாள் மத்தியானம் வானம் வெறித்ததும் நானும் வளனும் ஆரம்பித்தோம். பாதி முடிந்திருக்கும். சாயங்காலம் உபதேசியார் பத்துப் பதினைந்து பெண்களோடு ஜெபமாலைக்கு வந்துவிட்டார்.

வளன் மிஷினை நிறுத்தினான். ஜெபம் முடியட்டும், அப்புறம் வெட்டுகிறேன் என்றான். உபதேசியார் வானத்தைப் பார்த்தார். மறுநாள் வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று, இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும் என்றார். அப்படியானால் நீங்கள் கோயிலில் உட்கார்ந்து ஜெபியுங்கள் என்று நான் சொன்னேன். என் வாய் அப்படித்தான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, வளனைப் பார்த்துச் சொன்னார்.

"நீ பாட்டுக்கு வெட்டிக்கினு இரு. சத்தத்த மட்டும் கொறைச்சிக்கோ. பாதியில ஓட்டு."

வளன் அவருக்குச் சொல்லிப் பார்த்தான். ஈரப்புல், குறைத்தால் சுருட்டிக்கொள்ளும் ஐயா என்றான். செத்தவர்கள் படுத்திருக்கிற இடத்தில் இப்படி உறுமவிட்டால் அடுக்குமா, மாதாவுக்குக் கொடுக்கிற மரியாதை இதுதானா என்று அவர் கேட்டார். பெண்கள் எல்லோரும் வளனைப் பார்த்தார்கள். கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருக்கும்போது எவனாவது உபதேசியாரைப் பகைத்துக்கொள்வானா? குறைத்தான்.

இன்ஜின் மூச்சு முட்டின மாதிரி ஓடியது. நாலு வீச்சு வீசுவதற்குள் கோரைப்புல் சுற்றிக்கொண்டது. அந்தப் பாரத்தில், கையை எடுத்ததும் இன்ஜின் அணைந்தது. சுருட்டியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தான். இழுக்கும்போது மிஷின் ஒரு தடவை பெரிதாக உறுமித்தான் அடங்கும், அது அதன் குணம். மறுபடி நாலு வீச்சு, மறுபடி சுற்றல், மறுபடி அணைந்தது, மறுபடி உறுமல். ஜெபமாலையில் துக்கத் தேவரகசியம் என்கிற பகுதி ஓடிக்கொண்டிருந்தது. உபதேசியார் ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார்.

"ஜெபமாலையில ஒவ்வொரு மணிக்கும் ஒருவாட்டி உறுமுனா எப்பிடிடா ஜெபிக்கிறது? ஆஃப் பண்ணாம ஒரேடியா ஓட வுடு. மெதுவா ஓட வுடு."

வளன் மிஷினைக் கீழே சாய்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, யாரையும் தொட விடாத அந்த ஸ்குரூவைத் தானே முடுக்கினான். நான் பார்த்தேன். வேண்டாண்டா என்றேன். மூஞ்சைத் திருப்பிக்கொண்டு, இன்னும் கொஞ்சம்தாங்க்கா, முடிச்சிடலாம் என்றான்.

உபதேசியாருக்குத் திருப்தி. மிஷின் அணையவே இல்லை. உறுமவும் இல்லை. பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஒரே சுதியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் புல் மறுபடியும் சுற்றிக்கொண்டது. பிளேடு நின்றது. வளன் கையை எடுத்தான், குனிந்தான். வருஷக்கணக்கில் அவன் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், கையை எடுத்தால் பிளேடு நின்றுவிடும். ஆனால் அந்தப் பிளேடு தானாக நிற்கவில்லை, புல் அதைக் கட்டிப்போட்டிருந்தது. உள்ளே இன்ஜின் அதைத் தள்ளிக்கொண்டேதான் இருந்தது. வளன் வலது கையால் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். கட்டு அவிழ்ந்தது. பிளேடு சுற்றியது.

அவன் கத்தவில்லை. யக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டான், வீட்டில் தண்ணீர் கேட்கிற மாதிரி. நான் போய்ப் பார்த்தபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது.

எங்கள் ஊர்த் தாண்டவராயன் தன்னுடைய லோடு வண்டியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எத்தனையோ தடவை அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் புல் வெட்டியிருக்கிறோம். விரல்களை என் முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். டாக்டர்கள் பார்த்தார்கள். நசுங்கிவிட்டது, மண்ணும் புல்லும் ஏறிவிட்டது, ஒட்டவைக்க முடியாதம்மா என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே பார்த்தேனே. திரும்ப என் கையிலேயே கொடுத்தார்கள்.

ஞானஸ்நானம் வாங்கின உடம்பு. ஒரு விரலானாலும் குப்பைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கம் உள்ள வழக்கம். மறுநாள் அப்பா கல்லறையின் காலடியில் ஒரு முழக் குழி தோண்டி, புதுத் துணியில் சுற்றிப் புதைத்தோம். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தது யார் தெரியுமா? உபதேசியார்தான். கண் கலங்கித்தான் சொன்னார். நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஜெபம் முடிந்து திரும்பிப் போகிற வழியில், கூட வந்தவர்களிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். மிஷினுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஒரு குவார்ட்டர் பாட்டில் கிடந்தது என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாட்டில் கிடப்பது என்ன அதிசயமா? சாயங்காலம் ஆனால் சுவரேறிக் குதித்துக் குடிக்கிற கூட்டம் எது என்று ஊருக்கே தெரியும். புல் வெட்டினால் பாட்டில்தான் முதலில் வரும். கேப்பையில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால், கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று? ஆனால் ஊருக்கு அந்த நெய்தான் ருசியாக இருந்தது. முதல் நாள் பாட்டில் கிடந்தது. இரண்டாம் நாள் வளன் குடித்திருந்தான். மூன்றாம் நாள் புனித மண்ணில் குடித்துவிட்டு மிஷினை முழு வேகத்தில் விட்டான், கோயில் அந்தோணியார் கையைப் பிடுங்கிக்கொண்டார் என்று ஆகிவிட்டது. முழு வேகமாம். முழு வேகத்தில் விட்டிருந்தால் இன்றைக்கு என் தம்பி தன் கையால் சோறு பிசைந்து தின்பான்.

பேச்சு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிப் போய்விட்டது. இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறன்று ஃபாதர் வாசிக்கவில்லை. பெண் வீட்டிலிருந்து நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நான் ஆரோக்கியராஜுக்குப் போன் பண்ணினேன். அவர் கோபப்படவில்லை. விரல் போனதற்காக நான் நிறுத்தவில்லை செல்விம்மா, விரல் போனவனும் பிழைக்கிறான், என் பெண்ணும் சம்பாதிப்பாள் என்றார். குடித்துவிட்டு இதைச் செய்தான் என்றால் என்னால் முடியாது, ஜெர்லினைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் சொன்னது எனக்கு முள்ளாகக் குத்தியது.

"நீ அவன் அக்கா. வேற எப்பிடி சொல்லுவே? கொறைக்கச் சொன்னது உபதேசியாருன்னா, அவர் வாயால ஒரு வார்த்தை வரட்டும். கல்லறைத் திருநாளுக்கு வர்றேன். வந்து ஃபாதர்கிட்ட முடிவு சொல்லிட்டுப் போறேன்."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு ஜெபமாலைக்கு வந்திருந்த வீடு ஒவ்வொன்றாகப் போனேன். ஜெபத்தில் இருந்தோம், கவனிக்கவில்லை என்றார்கள். மிஷின் சத்தம் ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருந்தது என்று அன்றைக்கு முகம் சுளித்தவர்கள், இப்போது மிஷின் சத்தமே காதில் விழவில்லை என்கிறார்கள். ஒருத்திக்கு மகனை ஸ்கூலில் சேர்க்க உபதேசியார் சிபாரிசு வேண்டும், இன்னொருத்திக்குப் பேரனுக்கு ஞானஸ்நானச் சீட்டு வேண்டும். வாய்க்கு ஆளாளுக்கு ஒரு பூட்டு.

கடைசியில் உபதேசியார் வீட்டுக்கே போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். வளன் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஃபாதரிடம் வேண்டாம், ஊரில் வேண்டாம், பெண்ணின் அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான்தான் குறைத்து ஓட்டச் சொன்னேன் என்று.

அவன் குடித்தான் என்று நான் சொல்லவில்லையே, பாட்டில் கிடந்தது என்றுதானே சொன்னேன் என்றார். அது பொய்யில்லையே என்றார். பொய்யில்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

"நான் போய் அப்பிடிச் சொன்னா, ஜெபமாலை சொல்லப் போயி ஒருத்தன் கை போச்சின்னு பேசுவாங்க. அடுத்த வருஷம் ஒருத்தர் வருவாங்களா? மாதா பேரைக் கெடுத்த பாவம் யாருக்கு, செல்வி?"

"மாதா பேரு கெடக் கூடாதுன்னா எந்தம்பி பேரு கெடலாமா ஐயா?" என்றேன். அவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். ஜெபிக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் வளன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். விடக்கா, வெனிலாவுக்கு வேற நல்ல எடம் கெடைக்கும் என்றான். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. வெளியே மாட்டுக்கொட்டகையில் மிஷின் சாய்ந்து கிடந்தது. அன்றைக்குத் தாண்டவராயன் அதை வண்டியில் போட்டுக் கொண்டுவந்து விட்டதோடு சரி, யாரும் தொடவில்லை. பிளேடைச் சுற்றிக் கோரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்குரூ அன்றைக்கு முடுக்கிய இடத்திலேயே இருந்தது. காய்ந்த புல்லைக் கத்தியால் அறுத்து எடுத்தேன். ஸ்குரூவைத் தொடவில்லை. பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றினேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாயங்காலம் ஊரே தோட்டத்தில் கூடிவிட்டது. வெள்ளையடித்த கல்லறைகள்மேல் செவ்வந்தியும் வாடாமல்லியும் போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, மெழுகுவர்த்தி நட்டுவைத்திருந்தார்கள். எங்கள் அப்பா பக்கம் மட்டும் புல் அப்படியே நின்றது. அன்றைக்கு விட்டதை அதற்குப் பிறகு ஒருவனும் வெட்டத் துணியவில்லை. நடுவில் மேசை போட்டு ஃபாதர் நின்றிருந்தார். பக்கத்தில் மைக்கோடு உபதேசியார். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பதற்கு முன்னால் ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டி.

ஆரோக்கியராஜ் வந்திருந்தார். ஜெர்லின் கூட வந்திருந்தாள். வெனிலா வரவில்லை. அத்தை கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, எங்கள் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். முகத்தைப் பார்த்ததும் முடிவு எனக்குத் தெரிந்துபோயிற்று. மந்திரிப்பு முடிந்ததும் ஃபாதரிடம் போய்ச் சொல்லிவிடுவார், அதோடு சரி. வளன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்பா கல்லறை ஓரம் நின்றிருந்தான். பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இல்லை.

மிஷினைச் சாக்குப் போட்டு மூடிச் சுவரோரம் கொண்டுவந்து வைத்திருந்தேன். போய் எடுத்தேன். அவன் செய்து நான் பார்த்த மாதிரியே வாரைத் தோளில் மாட்டினேன். வளன் பார்த்துவிட்டான், அக்கா என்னா பண்றே என்று உதடு அசைந்தது. கயிற்றை இழுத்தேன், பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

முழு வேகம் கொடுத்தேன். வாழ்நாளில் நான் அந்த மிஷினைப் பிடித்து வெட்டியதில்லை, ஆனாலும் புல் சரசரவென்று விழுந்தது. ஒரு தாள்கூடச் சுற்றவில்லை. மெதுவாக நடந்தேன், இன்ஜினை அதன் போக்கில் உறுமவிட்டேன். ஜெபம் யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பியது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஃபாதர் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் நிமிரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவை அவர் குரல் மாறிவிட்டது. ஜெபத்தில் சத்தம் வந்தால் அவருக்கு வருகிற அந்தக் குரல். அதற்கு மேல் அவரால் தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெரியும்.

"சத்தத்தக் கொறைம்மா! ஜெபம் நடக்கறது கண்ணுக்குத் தெரியல? அன்னைக்கே ஒந்தம்பிகிட்ட படிச்சிப் படிச்சி சொன்னேன், கொறைச்சி ஓட்டு, ஆஃப் பண்ணாம மெதுவா ஓட்டுன்னு. அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே காதா?"

இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே வந்தது. சுவருக்கு வெளியே நின்ற ஐஸ்காரனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவருக்குத் தான் சொன்னது கடைசி வார்த்தையில்தான் உறைத்தது. மைக்கை வாயிலிருந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நான் பிடியிலிருந்து கையை எடுத்தேன். உறுமல் அடங்கியது. அன்றைக்கு ஓடின மாதிரியே, தாலாட்டு மாதிரி, மிஷின் மெதுவாக ஓடியது. குழாயைத் தூக்கி, பிளேடு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தேன்.

"கைய எடுத்துட்டேன், பாத்துக்கோங்க. இன்னும் சுத்துது. இதாங்க நீங்க கேட்ட கொறைச்ச சத்தம்."

ஆரோக்கியராஜ் கல்லறைகளுக்கு நடுவே வழி பார்த்து நடந்து வந்தார். கிட்டே வந்து முதலில் என் வெறுங்கையைப் பார்த்தார், பிறகு பிளேடைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் உபதேசியார் பக்கம் திரும்பி, பாட்டில் எங்கே கிடந்தது ஐயா என்று மெல்லக் கேட்டார். அவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வயதான மனிதர் கூட்டத்தின் நடுவே அப்படிக் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். சந்தோஷமாக இல்லை.

வளன் வந்தான். இடது கையால் சுவிட்சைத் தடவித் தேடி மிஷினை அணைத்தான். போதும்க்கா என்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, முதுகெல்லாம் வேர்த்துச் சட்டை ஒட்டியிருந்தது. அந்தச் சத்தத்தை அவன் மறுபடி கேட்க வேண்டியிருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஆரோக்கியராஜ் அவன் தோளில் கை வைத்தார். வர்ற ஞாயிறு ஓலை வாசிக்கட்டும் மாப்பிள்ளை, நான் ஃபாதர்கிட்ட சொல்லிக்கிறேன் என்றார். ஜெர்லினிடம் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி, அப்பா கல்லறையின் காலடியில் இருந்த ஒரு முழ மண்மேட்டில் நட்டு, தீக்குச்சி கிழித்து ஏற்றினார். மழைக்காற்று அடித்தது. சுடர் சாய்ந்தது.

வளன் சட்டென்று குனிந்து அதற்கு மறைப்பாகக் கையைக் குவித்தான். வலது கையை. பழக்கம்தானே. குவிக்க அங்கே ஒன்றும் இல்லை. கட்டைவிரலுக்கு இந்தப் பக்கம் காற்று அப்படியே புகுந்து வந்து சுடரை அணைத்துவிட்டுப் போயிற்று. அவன் அந்தக் கையை எடுக்காமல், புகைகிற திரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தோட்டத்தில் அப்போது ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. உபதேசியார் அன்றைக்குக் கேட்ட அமைதி அதுதான். ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்க யாருக்கும் வாய் வரவில்லை.